காயின் வாங்குறதுக்கு முன்னாடி புக் வாங்குங்க

நாணயம் சேர்க்கிறதைப் பத்திப் பேசினதுல இருந்து இன்பாக்ஸ்ல பாதி ஒரே கேள்விதான்: "தாத்தா பெட்டியில பழைய காசு இருக்கு, எவ்வளவு போகும்?" போட்டோவைப் பார்த்து நான் சொல்ற விலைக்கு மதிப்பே கிடையாது. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற புத்தகங்கள் இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, இதுக்கு எதுக்குப் புத்தகம்? நம்மள மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு ஒரு வரியில சொல்லலாம். கேட்டலாக்னா அது டாக்குமென்டேஷன். என்னென்ன வேல்யூ வரலாம்னு அதுல லிஸ்ட் இருக்கும். லிஸ்ட்ல இல்லாத வேல்யூ வந்தா, ஒண்ணு நீங்க புதுசா எதையோ கண்டுபிடிச்சிருக்கீங்க, இல்லன்னா யாரோ உங்களை ஏமாத்துறாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது தடவை ரெண்டாவதுதான்.

உதாரணம் பாருங்க. ஒரு பக்கம் ராமர் இல்ல அனுமன், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', '1818', 'யூ.கே.எல். ஒன் அணா'. திருவிழாக் கடையில இருந்து வாட்ஸ்அப் வரைக்கும் எல்லா இடத்திலயும் லட்சக்கணக்குல விலை சொல்றாங்க. கம்பெனி சாமி படம் போட்டு காசே அடிச்சதில்லைன்னு சிலர் மறுப்பாங்க. அதுவும் தப்பு. மெட்ராஸ்ல கம்பெனி அடிச்ச தங்க வராகன்ல விஷ்ணு இருக்கார், கோபுரமும் இருக்கு. அப்போ எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? கம்பெனி நாணயங்களை வகை வகையா எடை, உலோகத்தோட அடுக்கியிருக்கிற கேட்டலாக்கைத் திறங்க. வராகன் இருக்கும், இந்த 'யூ.கே.எல்.' அணா இருக்காது. வாக்குவாதம் முடிஞ்சது.

சரி, எந்தப் புத்தகம்?

முதல் புத்தகம், 'ஸ்டாண்டர்ட் கேட்டலாக் ஆஃப் வேர்ல்ட் காயின்ஸ்'. செஸ்டர் க்ராஸும் கிளிஃபோர்ட் மிஷ்லரும் 1972-ல ஆரம்பிச்சது. நூற்றாண்டுக்கு ஒரு தொகுதி, ஒவ்வொண்ணும் டெலிபோன் டைரக்டரி சைஸ். ஏலத்துல 'கே.எம்.' போட்டு ஒரு நம்பர் வரும் இல்லையா? அது இவங்க ரெண்டு பேரோட முதலெழுத்துதான். உலகத்துல எங்க இருக்கிற டீலர்கிட்டயும் அந்த நம்பர் சொன்னா போதும், எந்தக் காசுன்னு புரிஞ்சிடும். இதை வெளியிட்ட நிறுவனத்தோட தாய்க் கம்பெனி 2019-ல திவாலாச்சு. அதனால பழைய பதிப்பு கிடைச்சாலே எடுத்துக்கங்க. அதுல இருக்கிற விலையை நம்ப வேண்டாம், அது அச்சாகும்போதே பழசு. எடை, உலோகம், அச்சடிச்ச எண்ணிக்கை, எந்த வருஷம் அபூர்வம்னு ஒப்பிடுறது, இதெல்லாம் சீக்கிரம் மாறாது.

ரெண்டாவது, ப்ரிட்மோர். 'தி காயின்ஸ் ஆஃப் தி பிரிட்டிஷ் காமன்வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' வரிசையில இந்தியாவுக்கான நாலாவது பகுதி. பிரிட்டிஷ் இந்தியா காசு சேர்க்கிறவங்களுக்கு இதுதான் அடிப்படை. இது எதுக்குன்னு புரிய விக்டோரியா வெள்ளி ரூபாயைப் பாருங்க. அதுல '1862'னு இருந்தா 1862-ல அடிச்சதுன்னுதானே நினைப்போம்? அப்படி இல்ல. அதே வருஷத்தைப் போட்டே பல வருஷம் அடிச்சாங்க, 1874-லதான் நிஜ வருஷம் போட ஆரம்பிச்சாங்க. நடுவுல வந்ததை நுணுக்கமான புள்ளிகளையும் அச்சு வேறுபாடுகளையும் வச்சுதான் பிரிக்க முடியும். ஒரே மாதிரி தெரியிற ரெண்டு ரூபாய்ல ஒண்ணு சாதாரணம், இன்னொண்ணு அபூர்வமா இருக்கலாம். எந்தப் புள்ளியைத் தேடணும்னு தெரியாதவர் விக்கிறார், தெரிஞ்சவர் வாங்குறார். தாத்தா பெட்டியை மொத்தமா எடை போட்டு வெள்ளி விலைக்குக் கேட்கிறவர்கிட்ட நீங்க இழக்கிறது இந்த வித்தியாசத்தைத்தான்.

மூணாவது நம்ம ஊர் விஷயம். இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதின 'சங்கம் ஏஜ் தமிழ் காயின்ஸ்', 1997. தமிழ்-பிராமியில 'பெருவழுதி'ன்னு எழுதின பாண்டியர் செப்புக்காசு, 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை'ன்னு பேர் போட்ட சேரர் வெள்ளிக்காசு எல்லாம் படத்தோட இருக்கு. ஸ்கூல்ல சங்க காலம்னா நமக்கு மனப்பாடப் பாட்டு மட்டும்தான். இதுல அந்த ராஜாக்கள் பேரை அவங்க காசுலயே எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

நாலாவது, மைக்கேல் மிட்சினர் எழுதின 'தி காயினேஜ் அண்ட் ஹிஸ்டரி ஆஃப் சதர்ன் இந்தியா', 1998. ரெண்டு பகுதி, தமிழ்நாடும் கேரளாவும் ரெண்டாவதுல. சோழர், பாண்டியர், நாயக்கர்னு தேய்ஞ்சு போன செப்புக்காசை அடையாளம் காண அதுல இருக்கிற படங்கள் பெரிய உதவி.

விலை அதிகம்னு பயப்படாதீங்க, காசே செலவில்லாத வழியும் இருக்கு. வால்டர் எலியட்டோட 'காயின்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா' 1886-ல வந்தது. காட்ரிங்டனோட 'சிலோன் காயின்ஸ் அண்ட் கரன்சி' 1924. ரெண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேனா கிடைக்குது. ராஜராஜன் காசு கிடைக்கிற எல்லாரும் காட்ரிங்டனைப் புரட்டணும், ஏன்னா அதே டிசைன்ல இலங்கை ராஜாக்களும் நிறைய அடிச்சிருக்காங்க. எழுத்தைப் படிச்சாதான் யாருதுன்னு தெரியும். பழைய புத்தகத்துல கருத்துகள் மாறியிருக்கும், அதனால அடையாளம் காண அதை வச்சுக்கங்க, வரலாற்றைப் புதுசுல சரி பாருங்க. சென்னையில இருக்கிறவங்க எழும்பூர் போனா கன்னிமாரா நூலகமும், நாணயங்கள் வச்சிருக்கிற அரசு அருங்காட்சியகமும் ஒரே வளாகம். ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்க.

புத்தகத்தோட ஒரு பொருள் கட்டாயம் வேணும்: 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு. பிரிட்டிஷ் இந்தியா ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ஞ்சிருந்தா கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. 10 கிராம் காட்டினா கீழ வச்சிடுங்க. எடை சரியா இருந்தாலே அசல்னு அர்த்தமும் இல்ல. 1940-ல ரூபாயோட வெள்ளி 91.7 சதவீதத்துல இருந்து 50-க்கு இறங்கிச்சு, விளிம்பும் மாறுச்சு. அதனால எடை, விளிம்பு, உலோகம், எழுத்து வடிவம் நாலும் புத்தகத்தோட ஒத்துப்போகணும்.

கடைசியா ஒண்ணு, இது பணம் போற விஷயம். எங்க அத்தைக்கு ஒரு போன் வந்தது. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல 'பதிவுக் கட்டணம்' கட்டுங்கன்னு கேட்டிருக்காங்க. பேசினவர் சொன்னது ரிசர்வ் வங்கி பேரு. அத்தை கட்டிட்டாங்க, பணம் திரும்ப வரல. இந்த மாதிரி மோசடி பத்தி 2021-லயே ரிசர்வ் வங்கி எச்சரிச்சிருக்கு: பழைய நோட்டு, காசு வாங்கி விக்கிற வேலையில நாங்க இல்லை, அதுக்குக் கட்டணமோ கமிஷனோ கேட்கிறதும் இல்லைன்னு. அந்தக் காசு புழக்கத்துக்காகவே அடிச்சது, கேட்டலாக்ல பார்த்தா சாதாரண வகைதான். தேடிப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகும்.

அதனால உங்க முதல் பட்ஜெட்டைப் புத்தகத்துக்கு வைங்க. எல்லாத்தையும் வாங்கணும்னு இல்ல. கையில இருக்கிற காசு எந்தக் காலம்னு பார்த்து, அந்தக் காலத்துக்கு ஒண்ணு போதும். வீட்டுல பெட்டி இருந்தா யாருக்கும் விக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டு, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, புத்தகத்துல நம்பர் கண்டுபிடிச்சு எழுதி வைங்க. பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவ மட்டும் வேண்டாம், மதிப்பு போயிடும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.