டெலீட் அழுத்தும் முன் ஒரு நிமிஷம்!

சாத்தூர் பக்கம் இருக்கன்குடி ஆடி வெள்ளிக் கூட்டத்தை போனில் எடுத்து, கைன்மாஸ்டரில் வெட்டிப் பழகியவரா நீங்க? கல்யாண ஆர்டர் வந்து கம்ப்யூட்டருக்கு மாறினால், முதலில் குழப்புவது டைம்லைன்தான். கைன்மாஸ்டரில் கோடு நடுவில் நிற்கும், கிளிப் நகரும். பிரீமியர் புரோவில் கோடுதான் ஓடும். இது சீக்கிரமே கைக்கு வந்துடும்.

வில்லங்கம் டெலீட் பட்டனில். பிரீமியரில் அழுத்தினால் கிளிப் இருந்த இடம் காலியாக நிற்கும். இலவச வெர்ஷன் இருக்கேன்னு டாவின்சி ரிசால்வுக்குப் போனால், அதே டெலீட் பின்னால் உள்ள கிளிப்களை முன்னால் இழுத்துவிடும். கெட்டிமேளத்துக்குப் பொருத்தி வச்ச தாலி கட்டும் ஷாட் அம்போ! அங்கே இடம் நகராமல் அழிக்க பேக்ஸ்பேஸ். கை பழக்கம் மாறலையா? ரிசால்வின் கீபோர்டு கஸ்டமைசேஷனில் 'பிரீமியர் புரோ' செட்டே இருக்கு. ஜே, கே, எல் மட்டும் ரெண்டிலும் ஒண்ணுதான்: பின்னே, நிறுத்து, முன்னே.