பட்டைக்குள் ஒரு படம்

பால் மரத்தை இடது மேற்புறத்திலிருந்து வலது கீழ்ப்புறமாகச் சாய்த்துச் சீவுகிறோம். காரணம் பட்டைக்குள் இருக்கிறது. பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை. மேலே போகப் போக வலப்பக்கம் சற்றே சாய்கின்றன. குறுக்கே இப்படிச் சீவினால் அதிகக் குழாய்கள் அறுபட்டு, மங்கில் பால் கூடுகிறது.

நம் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி பினாங்கில் இந்தப் பட்டையைத்தான் ஆராய்கிறாள். நுண்பெருக்கியில் ஒரு சமயத்தில் கடுகளவு இடமே தெரியும். எனவே நகர்த்தி நகர்த்தி நூறு படங்கள் எடுத்தாள். அத்தாப்புக் கூரை வேய்வதுபோல ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் பத்தில் ஒரு பங்கு படிந்திருக்கும். அந்த ஓரங்களை ஒப்பிட்டுக் கணினி அவற்றை ஒன்றாக ஒட்டும். பட்டைத் துண்டுக்குக் கனமும் உண்டல்லவா? ஆழத்துக்கு ஒன்றாக எட்டு அடுக்குகள்!

ஒட்டியாயிற்று. சேமிப்பதில்தான் தகராறு. "சார், 32 ஜிகாபைட் பென் டிரைவ் காலியா இருக்கு, ஆனா படம் பெருசுன்னு ஏத்த மாட்டேங்குது. நெட்வொர்க்ல அனுப்பினா, அங்க ஒரு அடுக்குதான் தெரியுதாம். நாளன்னிக்கு ஒப்படைக்கணும்" என்று தொலைபேசியில் அழாத குறை. நாம் பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ்டவுன் போனோம்.

அவள் பயன்படுத்துவது ஃபிஜி என்ற இலவச மென்பொருள். கரும்பு வெட்ட நம்மவர் கப்பலேறிய தீவல்ல. அமெரிக்காவில் வேய்ன் ராஸ்பேண்ட் 1997இல் தொடங்கிய இமேஜ்ஜே என்பதன் விரிவு. ஒட்டும் பகுதியை ஸ்டீபன் பிரெய்பிஷும் இருவரும் 2009இல் வெளியிட்டார்கள்.

முதலில் கணக்குப் போட்டோம். சிறு படம் ஒன்று 2048க்கு 2048 புள்ளி. பத்து வரிசை, பத்து நிரை. படிந்த ஓரம் கழித்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 18,637 புள்ளி. புள்ளிக்கு 2 பைட் என்றால் ஓர் அடுக்கு 69 கோடி பைட்டுக்கு மேல். எட்டுக்கும் ஏறத்தாழ 555 கோடி. விடை இந்த எண்ணில்தான் ஒளிந்திருந்தது.

பால் நிறுக்கும் கொட்டகையின் கணக்குப் புத்தகத்தில் நான்கே கட்டம் இருந்தால் 9999க்கு மேல் எழுத முடியாது. டிஃப் என்ற படக் கோப்பும் தன் பாகங்கள் எங்கே உள்ளன என்பதை 32 இரும எண் கட்டங்களில் குறிக்கிறது. அதன் எல்லை 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட். அதைத் தாண்டினால் இமேஜ்ஜே முதல் அடுக்குக்கு மட்டும் குறிப்பு எழுதி, மற்றவற்றை அப்படியே பின்னால் கொட்டிவிடுகிறது. தான் எழுதியதைத் தானே படித்துக்கொள்ளும். பிற மென்பொருள் பலவற்றுக்கு ஓர் அடுக்குதான் கண்ணில் படும். பென் டிரைவின் ஃபேட்32 முறைக்கும் அதே எல்லை! நோய் இரண்டு, எண் ஒன்று. காலியிடத்தைப் பார்த்து ஏமாந்தது அவள் குற்றமில்லை, நாமும் ஏமாந்திருப்போம்.

ஜேபெக்காகச் சுருக்கலாமே என்று பக்கத்து மாணவர் ஒருவர் சொன்னார். கூடாது என்றோம். அது நுண்ணிய சாயல்களை உதறிவிடும். ஒளியளவை வைத்துப் பின்னால் அளக்க முடியாது.

பயோ-ஃபார்மேட்ஸ் மூலம் பிக்டிஃப் வகையாகச் சேமிக்கச் சொன்னோம். அதில் 64 கட்டம். பென் டிரைவில் இருந்த பழைய பாடக் குறிப்புகளை வேறிடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினோம். மாற்றும்போது உள்ளதெல்லாம் அழியும். நினைவகம் குறைந்த கணினி உள்ளவர்கள், ஒட்டும்போதே திரையில் காட்டாமல் வட்டில் எழுதும்படி ஆணையிடலாம். அடுக்குகள் தனித்தனிக் கோப்புகளாக விழும்.

இதற்கிடையே பதற்றத்தில் அவள் ஃபிஜியையே மூடிவிட்டாள். கிடந்த ஒரே கோப்பையும் முன்னமே அழித்திருந்தாள்! பிள்ளையின் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனால் சிறு படங்கள் இருந்த அடைவிலேயே, ஒவ்வொன்றும் எங்கே பொருந்தியது என்ற சிறு எழுத்துக் கோப்பை மென்பொருள் எழுதி வைத்திருந்தது. அதைக் காட்டியதும், மறுபடி ஒப்பிடாமல் நேரே ஒட்டத் தொடங்கியது. எட்டு அடுக்கும் வேறொரு கணினியில் திறந்த பிறகுதான் நாம் கடைசிப் படகைப் பிடிக்க ஓடினோம்.