பிரேக்கில் தொடங்குங்கள், சாவியைக் கடைசியில் திருப்புங்கள்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி 2000ஆம் ஆண்டையொட்டி விடைபெற்றது. சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதன் வழிவந்த கெஸலும் 1970களோடு முடிந்துபோயின. ஆனாலும் இந்த வண்டிகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. கார் ஷெட்டிலும் கொட்டகை ஓரத்திலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன. விற்க மனமில்லை, ஓட்ட ஆளில்லை என்று ஒதுக்கி வைத்த குடும்பத்தில் ஒருநாள் மகனோ பேத்தியோ அதை மறுபடி சாலைக்குக் கொண்டுவர முடிவெடுக்கிறார்கள். அப்போது பெரும்பாலும் நடக்கும் முதல் வேலை, புது பேட்டரி வாங்கி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பது. என்ஜின் உறுமிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகவே வீடு மகிழ்கிறது. உண்மையில் அது கிணற்றைப் பாதி தாண்டிய நிலைதான். நெடுங்காலம் நின்ற காரைச் சாலைக்குக் கொண்டுவரும் வரிசையில் என்ஜினை இயக்குவது கடைசியில் வர வேண்டும், பிரேக் முதலில் வர வேண்டும். உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு, பணத்துக்கும் அதுதான் சிக்கனம்.

ஓடும் கார் தேய்மானத்தால் கெடுகிறது. நிற்கும் கார் கெடுவது ஈரத்தாலும் ரப்பரின் முதுமையாலும். பகல் வெயிலில் சூடாகி இரவில் குளிரும் இரும்புக்குள், காற்றில் உள்ள ஈரம் துளித்துளியாகப் படிகிறது. பெட்ரோல் டேங்க், என்ஜின் உட்புறம், பிரேக் டிரம் என எந்த வெற்றிடமும் இதற்குத் தப்புவதில்லை. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது. ரப்பரோ ஓடினாலும் நின்றாலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனாலும் வெப்பத்தாலும் இறுகி வெடிக்கிறது. ஆக, நின்ற காரில் அதிகம் கெட்டிருப்பவை ரப்பரும் திரவமும் சேரும் இடங்கள். அப்படிப்பட்ட இடங்கள் காரிலேயே மிக நெருக்கமாக அமைந்திருப்பது பிரேக் அமைப்பில்தான்.

இந்தக் கார்களின் வடிவமைப்பு 1950களைச் சேர்ந்தது. அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு, பத்மினி ஃபியட் 1100இன் வாரிசு, ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் வாரிசு. இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் செல்கிறது. ஒன்று கசிந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும். அந்தக் காலக் கார்கள் பெரும்பாலானவற்றிலோ ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை, நான்கு சக்கரத்துக்கும் அதுவே. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் கிழிந்தாலும், துருப்பிடித்த ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தாலும், மிதி தரையோடு போய்விடும், நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பிரேக்கை இழக்கும். அதன்பின் கையிருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் அதன் கேபிளும் இறுகியிருக்கும்.

பிரேக் ஆயிலின் குணமும் இதில் சேர்கிறது. வழக்கமாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சார்ந்தவை, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுபவை. புதிய டாட் 3 கொதிப்பதற்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை இறக்கத்தில் டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் வெப்பம் ஆயிலுக்கும் ஏறும். கொதித்த ஆயில் ஆவியாகும், ஆவி அமுங்கிக்கொடுக்கும், மிதியில் பலம் இருக்காது. உறிஞ்சிய நீர் உள்ளிருந்தே சிலிண்டரையும் குழாயையும் அரிக்கவும் செய்கிறது. அதனால்தான் நின்ற காரில் மட்டம் குறைந்திருக்கிறது என்று கொஞ்சம் ஆயில் ஊற்றிக்கொள்வது வைத்தியமாகாது. டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் ஒவ்வொன்றையும் பிரித்து, உள்சுவர் குழிவிழுந்திருந்தால் மாற்றி, இல்லையென்றால் புது வாஷர் கிட் போட்டு, மாஸ்டர் சிலிண்டரையும் அப்படியே செய்து, பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புது ஆயில் நிரப்பி ஏர் எடுக்க வேண்டும்.

சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஓஸ்களைக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவதே சரி. அவை உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போய்விடும், காலை எடுத்தபின் திரும்பி வராது, சக்கரம் பிடித்தபடியே நிற்கும். பலர் இதை டிரம்மின் கோளாறு என்று நினைத்து ஷூவைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பிரேக் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்முக்குள் குவிந்த தூசியைக் காற்றடித்து ஊதுவது பட்டறைகளில் சர்வசாதாரணம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் வெளிப்படக்கூடியது. ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்வது வண்டிச் சொந்தக்காரரின் பொறுப்பு.

டயருக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. பட்டன் முழுதாக இருப்பது எதையும் நிரூபிக்காது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். பத்து வயதைத் தாண்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அந்த எண்ணே இல்லாத பழைய டயரில் கேள்விக்கே இடமில்லை. வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளுவதற்கு மட்டும் அது உதவும்.

அடுத்தது எரிபொருள். பெட்ரோல் சில மாதங்களிலேயே ஆவியாகும் பகுதியை இழந்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசினாகி டேங்கின் அடியிலும் கார்ப்பரேட்டர் ஜெட்டிலும் படிகிறது. டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புது பெட்ரோல் ஊற்றினால், அது அந்தப் பிசினையும் துருத்தூளையும் கரைத்துக் கிளப்பி வடிகட்டிக்கும் ஜெட்டுக்கும் அனுப்பும். டேங்கில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வாசனை போய்விட்டதே என்று வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். அனுபவமுள்ள ரேடியேட்டர் பட்டறைகளுக்கு அதை எப்படிக் கழுவித் தயார் செய்வது என்று தெரியும், அவர்களிடம் விட்டுவிடலாம்.

நின்ற காலத்தில் பெட்ரோலும் மாறிவிட்டது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் 2000இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே நின்றுவிட்ட கார், ஈயமில்லாப் பெட்ரோலை அறியவே அறியாது. ஈயம் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையைத் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது. இனி அந்தக் காப்பு இல்லாததால், டேப்பெட் இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறதா என்று அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். மிதமான வேகத்தில் எப்போதாவது ஓடும் வண்டிக்கு இது உடனடி ஆபத்தல்ல. எத்தனாலின் பாதிப்பு இன்னும் நேரடியானது. இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கி அரிக்கும். பழைய ரகப் பெட்ரோல் குழாயையும், பம்பின் ரப்பர் டயாஃப்ரமையும், கார்க் கேஸ்கெட்டையும் உப்பவோ இளகவோ வைக்கும். கசிந்த பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய், டயாஃப்ரம் போட்டுக்கொள்வதும், ஓட்டாத நாட்களில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் இருப்பதும் இன்று கட்டாயம்.

‘அந்தக் காலத்து இரும்பு, ஒன்றும் ஆகாது, பேட்டரி போட்டால் கிளம்பிவிடும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிளம்பிவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினும் பத்மினியின் 1089 சிசி என்ஜினும் எளிமையானவை. பாயிண்டைத் தேய்த்து, பிளக்கில் பொறி வந்து, துளி பெட்ரோல் கிடைத்தால் வெடித்துவிடும். சிக்கல் அந்த எளிமையில்தான் இருக்கிறது. நிறுத்த முடியாத வண்டியையும் அது ஓடவைத்துவிடும். தவிர, என்ஜினுக்கே அந்த முதல் நிமிடம் பெரும் சேதம். ஆயில் எல்லாம் வடிந்து சம்ப்பில் கிடக்கிறது. பேரிங்குகள் காய்ந்திருக்கின்றன. போரில் ரிங் நின்ற இடத்தில் மெல்லிய துருக்கோடு படிந்திருக்கிறது. செல்ஃப் மோட்டார் வலுவாக இழுக்கும்போது அந்தத் துரு ரிங்கை உடைக்கலாம், போரைக் கீறலாம். பிறகு போர் செய்து புது பிஸ்டன் போடும் செலவு, பேட்டரி மாட்டிய உற்சாகத்துக்குக் கொடுக்கும் விலை.

சரியான வழி பொறுமையைத்தான் கேட்கிறது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க ஹேண்டிலால் அல்லது கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு, கையால் மெல்லச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் பலவந்தம் கூடாது, மறுபடி ஊற வேண்டும். தடையின்றி இரண்டு சுற்று வந்தபின் பழைய என்ஜின் ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றலாம். பிளக் இல்லாமலேயே, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை சிறுசிறு இடைவெளியில் செல்ஃப் அடித்துச் சுற்றவிட்டால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரும். இப்படிச் செல்ஃப் அடிக்கப் பேட்டரி மாட்டுவதற்கு முன்பே ஒயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று நுனி முதல் நுனி வரை பார்த்துவிட வேண்டும். எலிச் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் பரவும் என்பதால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. ரேடியேட்டரைக் கழுவி, ஓஸ் மாற்றி, தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று வெந்நீரில் போட்டுப் பார்த்தபின் சாவியைத் திருப்பலாம். இந்தக் கட்டத்துக்கு வரும்போது பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டாலே கார் கெடாது என்பது இன்னொரு நம்பிக்கை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜினும் சைலன்சரும் முழுச் சூட்டை எட்டினால்தான் அந்த நீர் வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அது வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவுக்குத் தீனியாகிறது. ஓட்டுவதானால் பதினைந்து இருபது கிலோமீட்டர் சாலையில் ஓட்ட வேண்டும், பிரேக்கும் கிளட்சும் கியரும் அசைவதும் அப்போதுதான். அதற்கு வழியில்லை என்றால் தொடாமல் இருப்பதே மேல்.

செலவு குறித்த தயக்கம் நியாயமானது. ஆனால் செலவு எங்கே போகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் முதலில் டிங்கரிங், பெயிண்டிங், குரோம், புது சீட் கவர் என்று பணம் கரைந்து, பிரேக்குக்கு வரும்போது கை வறண்டுவிடுகிறது. வாஷர் கிட்டும் ஓஸும் இவற்றோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை, பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் இன்னும் தேடினால் கிடைப்பவை. பெயிண்டுக்கு முன் பார்க்க வேண்டிய துரு அடியில் இருக்கிறது. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு, அதன் பக்கவாட்டுக் கைகளில் துரு ஏறும். அம்பாசிடரும் பத்மினியும் பாடியே சேசிஸாக அமைந்தவை. அவற்றின் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதியும் தரைத்தகடும் அரித்துப்போனால் வண்டியின் உறுதியே போய்விடும். அரித்த தகட்டின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து விற்கப்படும் கார்கள் இந்தச் சந்தையின் பெரும் தீமை.

பழைய என்ஜினோடு போராடுவதைவிட புது என்ஜின் மாற்றிவிடலாமே என்பதும் கேட்கிறது. தினசரி ஓட்டத்துக்கு அது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் என்ஜின் மாற்றம் ஆர்டிஓ அனுமதியோடு ஆர்சியில் பதிவாக வேண்டும். கூடுதல் குதிரைத்திறன் வந்தால் அதே பழைய டிரம் பிரேக் இன்னும் போதாமல் போகும். 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விண்டேஜ் வாகன விதிகளும் தடையாகும். 50 வயதைக் கடந்த, சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கே அந்தப் பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட விரும்புபவர் 15 ஆண்டு முடிந்த சாதாரணப் பதிவையே எஃப்சி காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் தெருமுனை வரைகூட எடுக்கக் கூடாது.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், நடை வேகத்தில், பத்துப் பதினைந்து முறை பிரேக் மிதித்துப் பார்ப்பதாக இருக்கட்டும். பிறகு சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தருகிலும் கையை நீட்டிச் சூட்டை ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீல் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். மறுநாள் காலை மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் வண்டி வெளியே போகக் கூடாது.

இப்போதைக்குப் பணமோ நேரமோ இல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள். டேங்கிலும் கார்ப்பரேட்டரிலும் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். ஈரத்தை அடைத்து வைக்கும் தார்ப்பாயை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியால் மூடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.