சிதறிய தோட்டாவில் கைரேகை கிடைக்குமா? சூப்பர்ஹீரோ படங்களின் துப்பறியும் காட்சிகளில் எவ்வளவு உண்மை?

கொலை நடந்த வீடு. சுவரில் பாய்ந்து சிதறிப்போன ஒரு தோட்டா. பேட்மேன் அந்தச் சுவரில் ஒரு துண்டை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். 'இப்படி நொறுங்கிப்போன தோட்டாவை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?' என்பதுதான் போலீஸ் அதிகாரி கார்டனின் சந்தேகம். பேட்மேன் தேடுவது கைரேகையை.

2008-ல் வெளியான 'தி டார்க் நைட்' படத்தின் இந்தக் காட்சி, தியேட்டரில் பார்க்கும்போது நம்பும்படிதான் இருக்கும். நிஜத்தில் இது நடக்குமா? பேட்மேன், அயர்ன்மேன், கேப்டன் அமெரிக்கா படங்களில் வரும் தடயவியல் காட்சிகளில் எது சாத்தியம், எது வெறும் சினிமா?

தோட்டாவில் ரேகை நிற்குமா?

தோட்டா என்று நாம் சொல்வதில் இரண்டு முக்கியமான பகுதிகள் உண்டு. ஒன்று, வெடிமருந்து நிரப்பிய பித்தளை உறை. இன்னொன்று, அதன் முனையில் இருக்கும் குண்டு. துப்பாக்கியில் தோட்டாவை நிரப்புபவரின் விரல் பெரும்பாலும் அழுத்துவது உறையைத்தான். சுட்டதும் குண்டு பாய்ந்துபோகும். பிஸ்டலாக இருந்தால் காலி உறை வெளியே தெறித்து, சுட்டவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விழும்.

கைரேகை என்பது வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த மெல்லிய படலம்தான். ஒருவேளை குண்டின் மேல் ரேகை பட்டிருந்தாலும், துப்பாக்கிக் குழலின் உள்ளே இருக்கும் சுருள் வரிகள் குண்டின் மேற்பரப்பை உரசித் தள்ளும். பிறகு அது செங்கல்லில் மோதி நொறுங்கும். இத்தனைக்கும் பிறகு ஒரு முழு கட்டைவிரல் ரேகை மிஞ்சுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஆனால் உறையில் ரேகை கிடைக்க வாய்ப்பு உண்டு. படம் வெளியான அதே 2008-ல், பிரிட்டனின் நார்தாம்ப்டன்ஷயர் காவல்துறையின் தடயவியல் நிபுணர் ஜான் பாண்ட், லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு புதிய முறையை அறிவித்தார். வியர்வையில் உள்ள உப்பு, பித்தளையை லேசாக அரித்துவிடும். ரேகையைத் துடைத்தாலும் அந்த அரிப்பு போகாது. உறையில் சுமார் 2,500 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தி, கருப்புத் தூளைப் படியவிட்டால், அரித்த இடங்களில் தூள் ஒட்டி ரேகையின் வடிவம் தெரியும்.

ஆக, பேட்மேன் சுவரை அறுத்ததற்குப் பதிலாகத் தரையில் காலி உறை கிடக்கிறதா என்று தேடியிருக்கலாம்!

சுட்டுப் பார்த்து ஒப்பிடுவது நிஜமா?

படத்தில் புரூஸ் வெய்ன் செங்கற்களை வரிசையாக வைத்து வெவ்வேறு தோட்டாக்களால் சுட்டுப் பார்ப்பார். சுட்டு ஒப்பிடுவது நிஜ ஆய்வகங்களிலும் நடப்பதுதான். ஆனால் அங்கே சுடுவது பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டிக்குள். காரணம் எளிது, குண்டு சிதையக் கூடாது. அதன் மேல் குழல் பதித்த கீறல்களையும், கொலை நடந்த இடத்தில் கிடைத்த குண்டின் கீறல்களையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நொறுங்கிப்போன குண்டில் ஒப்பிடுவதற்கு அதிகம் மிஞ்சாது.

அயர்ன்மேன் பாணி முப்பரிமாண விசாரணை

'அயர்ன்மேன் 3' (2013) படத்தில், குண்டு வெடித்த இடத்தையே தன் வீட்டுக்குள் ஒளி வடிவில் உருவாக்கி, அதன் நடுவே நடந்து துப்பறிவார் டோனி ஸ்டார்க். கேட்க அதிகப்படியாகத் தோன்றினாலும் இது நிஜத்துக்கு ரொம்பப் பக்கம். லேசர் ஸ்கேனர் மூலம் சம்பவ இடத்தை அளந்து, கணினியில் முப்பரிமாண மாதிரியாக்கி, யார் எங்கே நின்றார்கள், எந்தக் கோணத்தில் சுட்டார்கள் என்று போலீஸார் இன்றைக்கு ஆராய்கிறார்கள். காற்றில் மிதக்கும் ஒளி வடிவம் மட்டும்தான் சினிமா.

அதே படத்தில், வெடித்த இடத்தில் வெடிகுண்டின் ஒரு பாகம்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் மர்மமே. அந்தச் சந்தேகம் சரியானது. ஏனென்றால் நிஜத்தில் ஏதாவது ஒரு துண்டு மிஞ்சவே செய்யும். 1988 டிசம்பர் 21-ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகரின் மேல் விமானம் வெடித்துச் சிதறி 270 பேர் இறந்தார்கள். பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் தேடியதில் கிடைத்த சட்டைத் துணி ஒன்றுக்குள், கட்டைவிரல் நகம் அளவே இருந்த சர்க்யூட் துண்டு சிக்கியிருந்தது. அது டைமரின் பாகம் என்ற முடிவுதான் வழக்கின் முக்கிய ஆதாரங்களில் ஒன்றானது.

ஒரே நொடியில் பெயர் வருமா?

கணினியில் ரேகையைப் போட்டதும் 'டொய்ங்' என்று ஒரே ஒரு முகம் வந்து நிற்பது பல படங்களில் பார்த்த காட்சி. இந்த விஷயத்தில் 'தி டார்க் நைட்' கொஞ்சம் நேர்மையானது. அதில் ஆல்ஃபிரெட் தேடும்போது நான்கு பெயர்கள் வரும். முகவரியை வைத்துத்தான் அதை ஒன்றாகக் குறைப்பார்கள். நிஜக் கணினியும் அப்படித்தான், ஒத்துப்போகக்கூடியவர்களின் பட்டியலைத் தரும். முடிவு சொல்வது மனிதர்.

அந்த மனிதர் தவறினால் என்ன ஆகும்?

2004 மார்ச் 11-ல் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையின் படம் அமெரிக்காவின் எஃப்பிஐ-க்குப் போனது. அங்கே கணினி 20 பேரின் பட்டியலைத் தந்தது. அதில் நான்காவதாக இருந்தவர் ஓரிகன் மாகாணத்து வழக்கறிஞர். எஃப்பிஐ நிபுணர்கள் மூன்று பேர் 'இவருடைய ரேகைதான்' என்றார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் அதையே சொன்னார். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே தெரிவித்தும், மே 6-ல் அவர் கைதானார்.

இரண்டு வாரம் கழித்து, அது அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவரின் ரேகை என்று ஸ்பெயின் உறுதிசெய்தது. வழக்கறிஞர் விடுதலையானார், எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. 2006-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது.

தவறு எங்கே நடந்தது? இரண்டு ரேகைகளும் அசாதாரணமாக ஒத்திருந்தன. அதோடு, வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பார்த்த பிறகு, மங்கலான ரேகையிலும் அதே அடையாளங்கள் 'இருப்பதாக' நிபுணர்கள் காணத் தொடங்கிவிட்டார்கள் என்று அமெரிக்க நீதித்துறையின் உள் விசாரணை சொன்னது.

கேமராவில் முகம் தெரிந்தால் போதுமா?

'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' (2016) படத்தில் வியன்னா குண்டுவெடிப்புக்குப் பக்கிதான் காரணம் என்று ஒரு கேமராப் படத்தை வைத்தே உலகம் முடிவுகட்டிவிடும். உண்மையில் அவரைப் போல வேஷம் போட்டு வந்தவன் ஸீமோ.

நிஜத்தில் இதற்கு வேஷம்கூடத் தேவையில்லை. மங்கலான சிசிடிவி படமே போதும். கேமரா பதிவு செய்யாத விவரத்தை எந்த மென்பொருளாலும் பிறகு வரவழைக்க முடியாது, ஊகித்து நிரப்பத்தான் முடியும். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸாரால், கடையில் கைக்கடிகாரங்கள் திருடியதாக ஒருவர் அவர் குடும்பத்தார் கண்ணெதிரிலேயே கைது செய்யப்பட்டார். மங்கலான சிசிடிவி படத்துக்கு முக அடையாள மென்பொருள் காட்டிய பொருத்தத்தில் தொடங்கிய வழக்கு அது. ஆள் மாறிப்போயிருந்தது. சுமார் 30 மணி நேரம் அவர் காவலில் இருந்தார். 2024-ல் அந்த நகரம் 3 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

அப்போது எதைத்தான் நம்புவது?

தடயவியலே பொய் என்று அர்த்தமில்லை. மாட்ரிட் வழக்கில் சரியான ஆளைக் காட்டியதும் அதே கைரேகைதான். ஆனால் 2009-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் அறிக்கை ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. டிஎன்ஏ பரிசோதனையைத் தவிர வேறு எந்தத் தடயவியல் முறையும், ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு மிக உறுதியாக இணைக்கும் திறன் கொண்டது என்று கறாராக நிரூபிக்கப்படவில்லை என்றது அந்த அறிக்கை.

சூப்பர்ஹீரோ படங்கள் நம்மைப் பழக்கியிருப்பது இதற்கு நேர்மாறாக. இயந்திரம் சொன்னால் முடிந்தது, அடுத்தது சண்டைக் காட்சி. வில்லன் யாரென்று ரசிகருக்கு முன்பே தெரியும் என்பதால் அங்கே தப்பான ஆள் சிக்கினாலும் கடைசிக்குள் சரியாகிவிடும். நிஜத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது.

அந்த வகையில், இந்தப் படங்களிலேயே நல்ல துப்பறிவாளர் கேப்டன் அமெரிக்காதான். கையில் ஸ்கேனரும் இல்லை, ஹோலோகிராமும் இல்லை. எல்லோரும் கேமராப் படத்தைக் காட்டி முடித்துவிட்ட பிறகும், நேரில் போய் பக்கியிடம் கேட்டார். 'இது வேறு யாராவதாக இருக்குமா?' என்ற அந்தச் சந்தேகத்தைத்தான் ஓரிகன் வழக்கறிஞர் விஷயத்தில் எஃப்பிஐ நிபுணர்கள் தவறவிட்டார்கள்.