மீண்டும் மாணவராகும் செவிலியர்

அகழ்ப்போரில் காயமுற்ற சஅது இப்னு முஆது (ரலி) அவர்களைப் பேணுதற்கு மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரமும், அதனை நடத்திய ருஃபைதா (ரலி) அம்மையாரும் நாம் அறிந்ததே. அன்று அப்பணிக்குப் பட்டம் என ஒன்றில்லை. இன்றோ அமெரிக்காவில் உரிமம் பெற்ற செவிலியரே பட்டம் நாடி மீண்டும் மாணவராகின்றனர்.

அந்நாட்டில் ஈராண்டுத் துணைப்பட்டம் பெற்றவரும் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு. பின் பட்டம் எதற்கு? பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழுவினர், பட்டதாரிச் செவிலியர் விகிதம் 10 விழுக்காடு மிகுமிடத்து அறுவை நோயாளர் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்திருத்தலை 2003இல் வெளியிட்டனர். பணியனுபவ ஆண்டுகளுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை என்றும் அவ்வாய்வு கூறிற்று. இருபதாண்டு இரவுப்பணி செய்தவருக்கு இச்சொல் எத்துணைக் கசப்பாயிருந்திருக்கும்! தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் நியூயார்க் மாநிலம் 2017இல் சட்டமே இயற்றியது: புதிதாக உரிமம் பெறுவோர் பத்தாண்டுக்குள் இளநிலைப் பட்டம் பெறுதல் வேண்டும்.

பன்னிரண்டு மணிநேரப் பணி முடித்து, பிள்ளைகளையும் உறங்கவைத்தபின் வகுப்பறைக்குச் செல்வது எங்ஙனம்? ஆதலின் இணையவழிக் கல்வி. ஊசியிடவும் புண் கட்டவும் அவர்க்கு மீண்டும் கற்பிப்பதில்லை. புள்ளியியல், ஆய்வுமுறை, சமுதாய நலம், தலைமைப் பண்பு ஆகியனவே பாடங்கள். கட்டுரையை நள்ளிரவில் எழுதலாம்; சமுதாய நலப் பயிற்சிக்கோ பெரும்பாலும் நேரிற் செல்லவே வேண்டும். மருத்துவமனைகள் பல கட்டணத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன. ஈடாகச் சில காலம் அங்கேயே பணியாற்றும் உறுதிமொழியைக் கேட்பனவும் உண்டு.