உகரம் தொலைந்த தீவுகள்

கணினிக்குள் தமிழ் – 11

நெடுந்தீவு. நாம் எண்ணினால் 5 எழுத்து. யூனிகோட் எண்ணினால் 10 குறியீடு. கொம்புக்கும் புள்ளிக்கும் உகரச் சுழிக்கும் தனித்தனி எண் கொடுப்பது அதன் வழக்கம். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக, வன்தட்டில் நெடுந்தீவு பிடிக்கிற இடம் 30 பைட். தரவுத்தள வழங்கியைப் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு உயர்த்தும்போது இந்த 30உம் குறையாமல் அக்கரை சேரவேண்டும். குறிகட்டுவானில் ஏற்றிய சனத்தை நெடுந்தீவு இறங்குதுறையில் மறுபடி எண்ணிப் பார்க்கிற வேலைதான் இது. ஆனால் பெரும்பாலானோர் வள்ளம் கரை சேர்ந்ததை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

மைஎஸ்கியூஎல் 5.7க்கான ஆதரவு 2023 ஒக்டோபரில் முடிந்தது. ஊர்ச் சங்கத் தளம், கோயில் உபயகாரர் பட்டியல், பழைய மாணவர் பதிவு என்று வேர்ட்பிரசில் கட்டிய எதுவும் அடியில் மைஎஸ்கியூஎல்லிலோ அதன் உறவான மரியாடிபியிலோதான் நிற்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பயன்படுத்தும் மீடியாவிக்கியும் வழக்கமாக இந்தக் குடும்பத்தோடுதான் ஓடும். எனவே மைஎஸ்கியூஎல்லின் அடுத்த பதிப்பான 8.0க்கு ஏறுவது தீவகத்துக்காரருக்கும் வந்து சேர்ந்த வேலை.

ஏறும்போது வருகிற பிழைகளில் சத்தம் போடுகிறவை முதலில். உள்ளமைவுக் கோப்பில் 8.0 கைவிட்ட பழைய விருப்பம் ஒன்று மிஞ்சியிருந்தால் வழங்கி எழும்பவே மாட்டாது. பிழைப் பதிவேட்டின் கடைசி வரிகளில் அதன் பெயர் இருக்கும், அந்த வரியை அழித்தால் போதும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை மாறியதால் பழைய நிரல்கள் உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்கும். ‘ராங்க்’, ‘குரூப்ஸ்’ போன்ற சொற்களை 8.0 தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது; அந்தப் பெயரில் பத்தியோ அட்டவணையோ வைத்திருந்தவர்களின் வினவல்கள் உடையும். பிறந்த திகதி தெரியாத முதியவருக்கு வருடம், மாதம், நாள் எல்லாவற்றுக்கும் சுழியம் போட்டு வைத்த பட்டியல்கள் நம்மிடம் ஏராளம். 5.7இலிருந்தே அந்தச் சுழியத் திகதியை வழங்கி இயல்பாக ஏற்காது. வெற்றாக விட அனுமதித்து, சுழியங்களை வெற்றாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். ஒருவருக்கும் ஜனவரி 1 என்று பொய்ப் பிறந்தநாள் போடாதீர்கள். பிறகு அது உண்மையாகிவிடும்.

இவையெல்லாம் நல்ல பிழைகள். வேலையை நிறுத்துகின்றன, காரணத்தையும் சொல்கின்றன. எனக்குப் பயம், எதையும் நிறுத்தாமல் போகிற பிழையில்தான்.

மைஎஸ்கியூஎல்லின் இயல்பான எழுத்துத் தொகுதி 2018இல் 8.0 வரும்வரை ‘லத்தீன்-1’. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 256 இருக்கைகள். தமிழ்த் தளங்கள் அதைக் கவனிக்காமல் தமிழின் பைட்டுகளை அதற்குள் எழுதின. வாசிக்கும்போதும் அப்படியே எடுத்தன. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. ஒரு காலத்தில் மீடியாவிக்கியே நிறுவும்போது இப்படி ஒரு வழியைத் தெரிவாகக் கொடுத்தது. தரவுத்தளத்தின் கண்ணில் அங்கே தமிழ் இல்லை, ஐரோப்பிய எழுத்துகளின் ஒரு குப்பை.

உயர்த்துகிற நாளில் ஒருவர் ‘லத்தீன்-1’ என்ற பெயரைக் கண்டு, நல்லெண்ணத்தோடு அந்தப் பத்தியை யூ.டி.எஃப்-8க்கு மாற்றுகிறார். வழங்கி அந்தக் குப்பையை உண்மை என்று நம்பி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் பெயர்க்கிறது. திரையில் தலைக்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’யும் வணிகக்குறி வட்டமும் மாறிமாறி ஓடும். தமிழ்த் தளம் வைத்திருந்தவர் எவரும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார். ‘தீ’யின் ஈகாரக் குறி இந்தக் குளறுபடியில் யூரோ அடையாளமாக மாறும், தீவகத்துக்கு யூரோ வருவது புதிதில்லை என்று சிரித்துவிட்டு மேலே போகலாம்.

இதுவரை நடந்தது மீட்கக்கூடியது. மீட்க முடியாதது அடுத்த படியில் நடக்கிறது. மைஎஸ்கியூஎல் ‘லத்தீன்-1’ என்று சொல்வது உண்மையில் விண்டோசின் 1252ஆம் தொகுதி. அதில் 5 இருக்கைகள் காலி: 129, 141, 143, 144, 157. மைஎஸ்கியூஎல் அந்தக் காலி இடங்களையும் தன்வழியில் காப்பாற்றிவிடும். ஆனால் பிரதிக் கோப்பை வெளியே எடுத்து, ஏதோவொரு உரைத்தொகுப்பியில் திறந்து, ‘சரிசெய்து’ சேமித்தால் பல கருவிகள் அந்தப் பைட்டுகளைக் கேள்விக்குறியாக்கும், அல்லது கைவிடும். யார் போகிறார்கள் என்று பாருங்கள். உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. புள்ளியினது 141. ‘ஏ’ 143, ‘ஐ’ 144. மிச்சமுள்ள 157இல் மட்டும்தான் தமிழ் எதுவும் இல்லை.

ஆகவே ‘தீவு’ என்று முடிகிற ஒரு பெயரும் தப்பாது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மூன்றும் கடைசி உகரத்தை இழக்கும்; எழுவைதீவு ‘ழு’வின் உகரத்தையும் இழக்கும். மண்டைதீவுக்குப் புள்ளியும் போகும். புங்குடுதீவின் ஆறு எழுத்துகளில் ‘தீ’ ஒன்றுதான் முழுதாக மிஞ்சும். மற்ற இடங்களில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. ஆனால் வேலணைக்கு ஒன்றும் ஆகாது. சரவணைக்கும் ஆகாது. அவற்றில் உகரமும் இல்லை, புள்ளியும் இல்லை. வேலணைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு “எல்லாம் சரி” என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். சோதனைக்குப் புங்குடுதீவைத் தேடுங்கள்.

கண்ணால் பார்ப்பதைவிட எண்ணிப் பார்ப்பது மேல். பைட்டை எண்ணும் கட்டளையும் எழுத்தை எண்ணும் கட்டளையும் மைஎஸ்கியூஎல்லில் தனித்தனியே உண்டு. நெடுந்தீவு ஒழுங்காக இருந்தால் 30 பைட், 10 எழுத்து (அது குறியீட்டையே எழுத்தாக எண்ணும்) என்று வரும். எழுத்தும் 30 என்று வந்தால் அது இன்னும் லத்தீன் வேடத்தில் இருக்கிறது. பைட் 60ஐத் தாண்டினால் யாரோ ஏற்கெனவே பெயர்த்துவிட்டார்கள்.

வேடத்தில் இருப்பதை நேரே யூ.டி.எஃப்-8 ஆக்காதீர்கள். முதலில் அந்தப் பத்தியை மொழியே இல்லாத இருமப் பத்தியாக்குங்கள். அப்போது வழங்கி எதையும் பெயர்க்காது. பிறகு இருமத்திலிருந்து யூ.டி.எஃப்-8க்குப் போங்கள். ஏற்கெனவே பெயர்க்கப்பட்டிருந்தால் லத்தீனுக்குத் திரும்பி, இருமம் வழியாக மீண்டும் வாருங்கள். இடையில் எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்காதீர்கள்.

யூ.டி.எஃப்-8 என்றால் 4 பைட் வரை கொள்ளும் முழு வடிவத்தையே தெரிவுசெய்யுங்கள். அன்றாடத் தமிழுக்கு 3 போதும். ஆனால் மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளை யூனிகோட் 2019இல் தனிப் பகுதியில் சேர்த்தது, அவை 4 பைட். தோம்பையோ பழைய காணி உறுதியையோ தட்டெழுத நினைப்பவர்களுக்கு அது வேண்டும்.

8.0க்கு ஏறியபின் அதே கோப்புகளோடு 5.7க்கு இறங்க வழி இல்லை. முன்பே எடுத்த பிரதியை மறுபடி ஏற்றுவது ஒன்றுதான் கதி. ஆகவே முதலில் வேறொரு கணினியில் ஒத்திகை. வழங்கி சிங்கப்பூரிலும் நீங்கள் நெடுந்தீவிலும் இருந்தால், கைபேசி இணைப்பு அறுந்தாலும் வேலை தொடர்ந்து ஓடும்படி ‘டிமக்ஸ்’ போன்ற ஒன்றுக்குள் இருந்து கட்டளை கொடுங்கள். வழங்கி உங்கள் கந்தோர் மேசையில் என்றால், மின்சாரம் எந்த நேரம் போகும் என்று தீவாருக்குச் சொல்லத் தேவையில்லை. மின்கலம் நிறைந்திருக்கிறதா பார்த்து, பழைய வழங்கியை அவசரமில்லாமல் முழுதாக மூடவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாம் சரியாக ஏறிவிட்டது, ஊர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்துகிறீர்கள். ஊரெழு முன்னே வரும், ஊர்காவற்றுறை பின்னே வரும். நம் அகராதியில் ‘ர்’ முன், ‘ர’ பின். யூனிகோட் எண்வரிசையில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் வந்த தலைகீழ் இது. மைஎஸ்கியூஎல்லில் சிங்களத்துக்கென்று தனி வரிசைமுறை உண்டு. தமிழுக்கு 8.0இலும் இல்லை. யாரும் தடுத்ததாக நான் நினைக்கவில்லை. சிங்களத்துக்கு ஒருவர் எழுதிக் கொடுத்தார், தமிழுக்கு எழுதிக் கொடுக்க ஆள் வரவில்லை என்றே படுகிறது. இப்போதைக்கு வரிசைப்படுத்துவதற்கென்றே ஒரு மறைவான பத்தி வைத்துச் சமாளிக்கலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் தமிழ் வரிசையையே கேட்டு வாங்கலாம். ஆனால் அங்கே இயங்குதளத்தை உயர்த்தினாலே சுட்டிகள் குழம்பி, இருக்கிற ஊரை இல்லை என்று சொல்லும் சங்கடம் ஒன்று உண்டு. அது அடுத்த வாரம்.