வசூல்காரர் போன் வந்தா ஏன் எடுக்க மாட்டேங்கிறோம்?

எங்க புதுச்சத்திரம் பக்கம் லாரி ஃபைனான்ஸ், குழு லோன், வட்டிக்கு வாங்கினது என்று கடனில் பல வகை உண்டு. எதுவானாலும் ஒரு டியூ தவறினதும் முதலில் நடப்பது ஒன்றுதான்: போனை எடுப்பது நின்றுவிடும்.

தமிழில் கடன் கொடுத்தவரும் கடன்காரர்தான், வாங்கியவரும் கடன்காரர்தான். ஆனா அந்த மௌனத்தை ரெண்டு பேரும் வேற வேற மாதிரி புரிஞ்சுக்கிறாங்க. "பணத்தை வெச்சுக்கிட்டே ஏமாத்தறான்" என்று நினைக்கிறார் வசூல்காரர். அவருக்கும் மேலே டார்கெட் நெருக்குது. "கையில காசில்லாம என்னத்தப் பேச" என்று ஒதுங்குகிறார் இவர். ஒதுங்க ஒதுங்க, அந்தப் பக்கம் குரல் உயரும்.

2013-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி சிந்தனைத் தேர்வு வைத்தார்கள். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே ஆட்கள் குறைவாகவே செய்தார்கள். புத்தி குறையவில்லை, பணக்கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரிடம் கத்தினால் கணக்குப் போட்டா பதில் சொல்வார்? போனை வைத்தால் போதும் என்று "நாளைக்குக் கட்டிடறேன்" என்பார். நாளைக்கு வராது. அந்தப் பொய் வாக்குதான் மிச்ச நம்பிக்கையையும் கெடுக்கும்.

மிரட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு. தன் சுதந்திரத்தைப் பறிக்கிறார்கள் என்று பட்டால் மனுஷன் முரண்டு பிடிப்பான் என்று ஜாக் பிரெம் 1966-இலேயே எழுதினார். குழு லோனில் இது இன்னும் மோசம். நாலு பேர் முன்னாடி மானம் போன பிறகு, கட்டி மானத்தைக் காப்பாத்தணும் என்ற எண்ணமும் போயிடுது.

சட்டம் என்ன சொல்லுது? ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக்கூடாது. குழு லோன் போன்ற நுண்கடனுக்கு 9 மணி முதல் 6 மணி வரைதான். கடுஞ்சொல், மிரட்டல், உறவினரைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழக அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

அதனால் டியூ தேதிக்கு முன்னாடி நீங்களே கூப்பிடுங்க. "ஏனுங்க, இந்த மாசம் முழுசா முடியாதுங்க. 10-ஆம் தேதி பால் பணம் வருதுங்க, அதுல 1,500 கட்டிடறனுங்க." தேதி ஒன்று, தொகை ஒன்று, அதுவும் உங்களால் முடிந்த தொகை. பேசியதை மெசேஜாகவும் அனுப்பி வையுங்க. கட்டினா ரசீது கேளுங்க. அப்புறமும் மிரட்டினா கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடன் வாங்கினது குத்தமில்லீங்க. பேசாம ஒளிஞ்சாத்தான் அது மலையாத் தெரியும்.